மனைவி இந்தியாவில் இருக்கும்போது அமெரிக்க வரியைக் கூட்டாகத் தாக்கல் செய்வதா, தனியாகவா?

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் 2020 முதல் எச்-1பி விசாவில் அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். 2024 நவம்பரில் இந்தியா சென்று திருமணம் முடித்துக்கொண்டு மூன்று வாரத்தில் திரும்பிவிட்டேன். 2025 டிசம்பரிலும் ஒரு மாதம் சென்று வந்தேன். என் மனைவி அங்கே ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறார். இதுவரை அமெரிக்காவுக்கு வந்ததில்லை. எச்-1பி பணியாளரின் துணைவருக்கான எச்-4 விசாவுக்கு அவருடைய நேர்காணலுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

2024ஆம் ஆண்டு வரிப்படிவத்தை நானே மென்பொருளில் நிரப்பினேன். மனைவி இங்கே இல்லை, அவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இல்லை என்பதால் "சிங்கிள்" என்று தேர்ந்தெடுத்துத் தாக்கல் செய்துவிட்டேன். இப்போது 2025ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்து உட்காரும்போதுதான் அது சரிதானா என்ற கலக்கம் வந்திருக்கிறது. உடன் வேலை பார்க்கும் ஒருவர், "துணைவர் வெளிநாட்டில் இருந்தால் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு, அதாவது குடும்பத் தலைவர் என்று போடலாம், நீங்கள்தான் இந்தியாவில் இருக்கும் பெற்றோருக்கும் பணம் அனுப்புகிறீர்களே" என்கிறார். இன்னொருவர், மனைவியையும் சேர்த்துக் கூட்டாகத் தாக்கல் செய்தால் பல ஆயிரம் டாலர் மிச்சம் என்கிறார். ஆனால் அப்படிச் செய்தால் மனைவியின் இந்தியச் சம்பளத்துக்கும் இங்கே வரி கட்ட வேண்டியிருக்குமோ என்று அஞ்சுகிறேன்.

விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். 2025இல் என் சம்பளம் 1,10,000 டாலர். மனைவியின் சம்பளம் டாலர் கணக்கில் ஏறத்தாழ 9,000. இந்தியாவில் அதற்கு வரி எதுவும் வரவில்லை. அவருக்கு ஒரு பி.பி.எஃப். கணக்கும், மூன்று மியூச்சுவல் ஃபண்டுகளில் எஸ்.ஐ.பி. முதலீடும் உண்டு, ஃபண்டுகளின் மொத்த மதிப்பு சுமார் 6,000 டாலர். நான் 2025இல் வெளிநாடுவாழ் இந்தியருக்கான ஓர் என்.ஆர்.இ. வைப்புத்தொகை தொடங்கினேன், அதில் 14,000 டாலர் மதிப்புள்ள பணம் இருக்கிறது. குழந்தை இல்லை. இந்த நிலையில் எந்த வழி சரியானது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

முதலில் "சிங்கிள்" என்பதைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் நிலையில் இருக்கும் பலர் இதே இடத்தில்தான் தவறுகிறார்கள். அமெரிக்க வரிச் சட்டம் டிசம்பர் 31ஆம் தேதி நீங்கள் மணமானவரா என்பதை மட்டுமே பார்க்கிறது. அன்று மணமானவர் என்றால் ஆண்டு முழுவதற்கும் மணமானவர்தான். துணைவர் எந்த நாட்டில் இருக்கிறார், அவருக்கு இங்கே எண் இருக்கிறதா என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குள் வருவதில்லை. 2024 நவம்பரில் திருமணம் ஆனதால் 2024க்கும் நீங்கள் சிங்கிள் அல்ல. உங்கள் சம்பள அளவில் சிங்கிளுக்கும், மணமானவர் தனியாகத் தாக்கல் செய்வதற்கும் நிலையான கழிவும் வரி விகிதங்களும் ஒன்றே என்பதால் வரித்தொகை மாறியிருக்காது என்பது ஓர் ஆறுதல். ஆனாலும் படிவத்தில் இருப்பது உண்மையல்லாத ஒன்று. பிற்காலத்தில் குடிவரவு விண்ணப்பங்களுக்காக வரிப்படிவத்தின் நகலைக் கேட்கும்போது, திருமணச் சான்றிதழில் ஒரு தேதியும் வரிப்படிவத்தில் வேறொரு நிலையும் இருப்பது வீண் விளக்கங்களுக்கு இடம் கொடுக்கும். 1040-எக்ஸ் படிவத்தில் திருத்திவிடுங்கள்.

ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு பற்றி உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. துணைவர் குடியிருப்பாளர் அல்லாத வெளிநாட்டவராக இருந்து, அவரைக் குடியிருப்பாளராகக் கருதும் தேர்வை நீங்கள் செய்யாமல் இருந்தால், அந்த ஒரு நிலைக்காக மட்டும் சட்டம் உங்களை மணமாகாதவர் போல நடத்துகிறது. ஆனால் அதற்கு உங்களைச் சார்ந்த தகுதியுள்ள நபர் ஒருவர் இருக்க வேண்டும்; மனைவி அந்த நபராக முடியாது. பெற்றோர் ஆகலாம், உங்களோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆயினும் சார்ந்திருப்பவர் என்று எவரைக் காட்டினாலும் அவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகியவற்றில் ஒன்றின் குடியிருப்பாளராகவோ இருந்தாக வேண்டும். இந்தியாவில் வாழும் பெற்றோருக்கு நீங்கள் மாதந்தோறும் எவ்வளவு அனுப்பினாலும் அந்த நிபந்தனை நிறைவேறாது. ஆகவே அந்தக் கதவு உங்களுக்கு மூடியே இருக்கிறது.


கணக்கேடு எழுதியது:

நான் பல ஆண்டுகளாக வரிப்படிவங்கள் தயாரிக்கும் தொழிலில் இருக்கிறேன். மேலே சொன்ன பதில் சரியானது. எஞ்சியிருப்பவை இரண்டு வழிகள்: மணமானவர் தனித்தாக்கல், அல்லது 6013(ஜி) பிரிவின்படி உங்கள் மனைவியை ஆண்டு முழுவதும் அமெரிக்கக் குடியிருப்பாளராகக் கருதும்படி இருவரும் சேர்ந்து தேர்வு செய்து கூட்டாகத் தாக்கல் செய்வது. இந்தத் தேர்வுக்கு உங்களில் ஒருவர் ஆண்டின் கடைசி நாளில் அமெரிக்கக் குடிமகனாகவோ வரிச் சட்டப்படி குடியிருப்பாளராகவோ இருந்தால் போதும். நீங்கள் 2020 முதல் எச்-1பியில் இருப்பதால் அதில் ஐயமில்லை. (எஃப்-1 மாணவராக ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்படியே பின்பற்ற வேண்டாம், அவர்கள் பொதுவாகத் தாங்களே குடியிருப்பாளர் அல்லாதவர்கள் என்பதால் கூட்டுத் தாக்கல் அவர்களுக்குக் கிடையாது.)

உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், என்.ஆர்.இ. வட்டியைச் சற்றே ஒதுக்கி வைக்கிறேன். 2025இல் தனித்தாக்கலுக்கு நிலையான கழிவு 15,750 டாலர். மீதி 94,250 டாலருக்கு வரி சுமார் 15,650 வருகிறது. கூட்டுத் தாக்கலில் கழிவு 31,500. வரி விகிதப் படிகளும் அகலமாகின்றன. மனைவியின் சம்பளம் 9,000 டாலரை முழுமையாகச் சேர்த்தாலும் வரிக்குரிய வருமானம் 87,500தான். அதற்கு வரி சுமார் 10,020. அதாவது உங்கள் மனைவியின் சம்பளத்துக்கு இங்கே வரி விதிக்கப்பட்ட பின்னும், நீங்கள் தனியாகக் கட்டுவதைவிட 5,600 டாலர் குறைவு.

இன்னும் ஒரு படி போகலாம். அவர் இந்தியாவிலேயே வாழ்ந்து அங்கேயே உழைத்து ஈட்டிய சம்பளம் என்பதால், பன்னிரண்டு மாத காலத்தில் 330 முழு நாட்கள் வெளிநாட்டில் இருந்தவர் என்ற அடிப்படையில் 2555 படிவத்தின் மூலம் அந்தச் சம்பளத்தை விலக்கிக் கொள்ளலாம். 2025க்கான உச்சவரம்பு 1,30,000 டாலர். விலக்கினாலும் உங்கள் சம்பளத்துக்கான விகிதம் அந்த 9,000 டாலரும் இருப்பதுபோலவே கணக்கிடப்படும், ஆகவே வரி சுமார் 9,120 டாலரில் நிற்கும். இந்தியாவில் அவருக்குக் கணிசமான வரி பிடிக்கப்பட்டிருந்தால் 1116 படிவத்தில் வெளிநாட்டு வரிக்கான வரவு கோருவதையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பேன். அவருக்கு அங்கே வரியே இல்லை என்பதால் அதில் பயன் இல்லை.

பணக்கணக்கு இவ்வளவு எளிது. நான் வாடிக்கையாளர்களிடம் நிறுத்தி நிதானமாகப் பேசுவது இதற்குப் பிறகுதான். இந்தத் தேர்வைச் செய்துவிட்டால் உங்கள் மனைவி உலகின் எந்த மூலையில் ஈட்டும் எந்த வருமானமும் அமெரிக்க வரிக் கணக்குக்குள் வந்துவிடுகிறது. இந்தியாவில் வரிவிலக்கு உண்டா இல்லையா என்பது இங்கே பொருட்டல்ல. பி.பி.எஃப். வட்டி, வீட்டு வாடகை, பரம்பரை நிலத்திலிருந்து வரும் விவசாய வருமானம், தாயாருடன் கூட்டாக வைத்திருக்கும் வைப்புத்தொகையில் அவருக்குரிய வட்டி எல்லாமே கணக்கில் வர வேண்டும். நீங்கள் மணந்தது நவம்பரில்தான் என்றாலும் 2024க்கு இந்தத் தேர்வைச் செய்தால் ஜனவரி முதல் தேதியிலிருந்து அவர் ஈட்டிய அனைத்தும் அதில் அடங்கும். இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், அங்கே தரும் 16ஆம் எண் படிவத்தை அப்படியே எடுத்து எழுத முடியாது. ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சம்பளச் சீட்டுகளைக் கூட்டி, அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வெளியிடும் ஆண்டுச் சராசரி மாற்று விகிதத்தில் டாலராக்க வேண்டும்.

இந்தத் தேர்வு ஓர் ஆண்டோடு முடிவதும் இல்லை. முதல் ஆண்டு கட்டாயமாகக் கூட்டாகத் தாக்கல் செய்ய வேண்டும்; அடுத்த ஆண்டுகளில் தனித்தனியாகவும் செய்யலாம், ஆனால் அப்போதும் அவர் குடியிருப்பாளராகவே கருதப்பட்டு உலகளாவிய வருமானத்தைக் காட்டக் கடமைப்பட்டிருப்பார். இருவரில் ஒருவர் இந்தத் தேர்வை ரத்து செய்தாலோ, சட்டப்படி பிரிந்தாலோ அது முடிவுக்கு வரும். முடிந்துவிட்டால் இருவரில் எவரும் வாழ்நாளில் மறுபடியும் இதைச் செய்ய முடியாது. இருவரும் கையெழுத்திடும் படிவம் என்பதால் அதிலுள்ள வரிக்கு இருவருமே முழுப் பொறுப்பு என்பதையும் உங்கள் மனைவியிடம் தெளிவாக எடுத்துச் சொல்லுங்கள். அமெரிக்காவைப் பார்த்தேயிராத ஒருவர் இந்நாட்டு வரித்துறைக்கு உறுதிமொழி கொடுக்கிறார். அவர் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திடுவதுதான் முறை.

தனித்தாக்கலைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. படிவத்தில் துணைவரின் பெயரை எழுதி, எண் கேட்கும் இடத்தில் அவர் குடியிருப்பாளர் அல்லாத வெளிநாட்டவர் என்பதைக் குறிக்கும் "என்.ஆர்.ஏ." என்ற மூன்றெழுத்தைப் போட்டால் போதும், அவருக்காக எண் வாங்கத் தேவையில்லை. கலிஃபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் கணவன் மனைவி வருமானம் பொதுச்சொத்து என்ற சட்டம் இருப்பதால், தன் சம்பளத்தில் பாதியை மனைவி பெயரில் காட்டிவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். துணைவர் வெளிநாட்டவராக இருக்கும்போது 879ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. உழைத்தவர் யாரோ அவருடைய வருமானமாகவே முழுச் சம்பளமும் கொள்ளப்படும்.


தாழம்பூ எழுதியது:

எங்கள் வீட்டில் நிலைமை தலைகீழ். நான் இங்கே வேலை பார்த்தேன். என் கணவர் இந்தியாவில் பணியில் இருந்தார். கூட்டுத் தாக்கல் செய்தோம், பயன் இருந்தது. ஆனால் வரிக்கணக்கு எனக்குக் கொடுத்த தொல்லையைவிட ஐ.டி.ஐ.என். எனும் வரி அடையாள எண்ணும் கடவுச்சீட்டும் கொடுத்த தொல்லை அதிகம். அதை விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு ஆறு வாரத்தில் நேர்காணல் இருக்கிறது.

சோஷியல் செக்யூரிட்டி எண் பெறத் தகுதியில்லாத துணைவர் கூட்டுப் படிவத்தில் இடம்பெற இந்த எண் வேண்டும். அதற்கு டபிள்யூ-7 படிவத்தை நிரப்பி, வரிப்படிவத்தின் மேல் இணைத்து, இரண்டையும் சேர்த்துக் காகிதத்தில் அஞ்சல் செய்ய வேண்டும். எனவே முதல் ஆண்டு இணையவழித் தாக்கல் முடியாது. அடையாளச் சான்றாகக் கடவுச்சீட்டு ஒன்றே போதுமானது. ஆனால் மூலக் கடவுச்சீட்டையோ, அதை வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகலையோதான் ஏற்பார்கள். இது தெரியாமல் என் கணவர் நோட்டரியிடம் முத்திரை வாங்கிய நகலை அனுப்பினார். இரண்டு மாதத்துக்கும் மேலாகக் காத்திருந்த பின், விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்ற கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலிலேயே நின்று மூன்று முறை படித்தது இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டாவது முறை, எங்களுக்குப் படிவம் தயாரித்துக் கொடுத்தவரின் பேச்சைக் கேட்டு மூலக் கடவுச்சீட்டையே டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் உள்ள ஐ.டி.ஐ.என். பிரிவுக்கு அனுப்பினோம். அது அங்கே இருந்தபோதுதான் கணவருக்கு விசா நேர்காணல் தேதி வந்தது. கடவுச்சீட்டு இல்லாமல் நேர்காணலுக்குப் போக வழியில்லை. தேதியை இழந்து, அடுத்த தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம். எந்த வரிச் சேமிப்பும் அந்த மாதங்களுக்கு ஈடாகவில்லை என்பதை மனமாரச் சொல்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது, ஐ.ஆர்.எஸ். அங்கீகரித்த சான்றேற்பு முகவர் ஒருவரை நாடுவதுதான். இப்படிப்பட்டவர்கள் அமெரிக்காவில் மட்டுமல்லாமல் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள்; ஐ.ஆர்.எஸ். தளத்தில் நாடு வாரியாகப் பட்டியல் இருக்கிறது. அவர் மூலக் கடவுச்சீட்டைத் தம் கையில் வாங்கிப் பார்த்து, சரிபார்த்ததற்கான சான்றிதழை நகலோடு இணைத்துக் கொடுத்துவிடுவார். கடவுச்சீட்டு அன்றே உங்கள் மனைவியிடம் திரும்பிவிடும். நேர்காணலுக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள், ஏனென்றால் நேர்காணலுக்குப் பின் விசா ஒட்டுவதற்காகக் கடவுச்சீட்டைத் தூதரகம் வாங்கி வைத்துக்கொள்ளும். வழக்கமாக ஏழு வாரத்தில் எண் வரும் என்று ஐ.ஆர்.எஸ். சொல்கிறது, ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் முடியும் வரையிலான காலத்தில் ஒன்பது முதல் பதினொரு வாரம் வரை ஆகும்.

இன்னும் ஒன்று. 6013(ஜி) தேர்வுக்கென்று தனிப் படிவம் கிடையாது. ஒரு வெள்ளைத்தாளில், ஆண்டின் கடைசி நாளில் ஒருவர் குடியிருப்பாளராகவும் மற்றவர் குடியிருப்பாளர் அல்லாத வெளிநாட்டவராகவும் இருந்தோம், ஆண்டு முழுவதும் இருவரும் அமெரிக்கக் குடியிருப்பாளராகக் கருதப்படத் தேர்வு செய்கிறோம் என்ற உறுதிமொழியை எழுதி, இருவரின் பெயர், முகவரி, அடையாள எண் ஆகியவற்றைக் குறித்து, இருவரும் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். நான் வரிப்படிவத்தின் கையெழுத்துப் பக்கத்தை மட்டும் கணவருக்கு அனுப்பி வாங்கியிருந்தேன். உறையை ஒட்டப் போகும் இரவில்தான் உறுதிமொழித் தாளில் அவர் கையெழுத்து இல்லை என்பது கண்ணில் பட்டது; மறுபடியும் கூரியர், மறுபடியும் பத்து நாள். வரிப்படிவம், உறுதிமொழி, டபிள்யூ-7 மூன்றிலும் அவர் கையெழுத்து வேண்டும் என்பதை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.


நெடுவழி எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. முகவர் யோசனை என் பெரிய கவலையைத் தீர்த்துவிட்டது. இன்னும் இரண்டு ஐயங்கள். மனைவியைக் குடியிருப்பாளராகக் கருதினால் அவருடைய இந்திய வங்கிக் கணக்குகளை எஃப்பார் எனும் வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையில் அவர் பெயரில் தெரிவிக்க வேண்டுமா? இந்திய மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவர்கள் பெரும் சிக்கலில் மாட்டுவதாகச் சொல்கிறார்களே, அது அவருக்கும் பொருந்துமா?


ஏட்டுச்சுவடி எழுதியது:

குடியிருப்பாளர் என்று ஆகிவிட்டால் எஃப்பாரும் கட்டாயம்தான் என்று நினைக்கிறேன். அவருடைய கணக்குகளின் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் தாக்கல் செய்துவிடுவதே பாதுகாப்பு.


கணக்கேடு எழுதியது:

இதில் மட்டும் ஏட்டுச்சுவடி அவர்களோடு மாறுபடுகிறேன். இயல்பாக எவருக்கும் தோன்றும் முடிவுதான் அது. எஃப்பார் வருமான வரிச் சட்டத்தின் கீழ் வருவது அல்ல, வங்கி இரகசியச் சட்டத்தின் கீழ் வருவது. அந்த விதிகளின்படி ஒருவர் குடியிருப்பாளரா என்று முடிவு செய்யும்போது 6013(ஜி) தேர்வைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே அமெரிக்காவில் வாழாத உங்கள் மனைவி, இந்தத் தேர்வைச் செய்ததால் மட்டும் எஃப்பார் தாக்கல் செய்யக் கடமைப்பட்டவர் ஆகமாட்டார். அவர் இங்கே வந்து, தங்கும் நாட்களின் கணக்கில் குடியிருப்பாளராகிவிட்டால் அப்போது அந்தக் கடமை வரும்.

ஆனால் நெடுவழி, நீங்கள் தாக்கல் செய்தாக வேண்டும். உங்கள் என்.ஆர்.இ. வைப்புத்தொகை 14,000 டாலர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆண்டில் ஏதேனும் ஒரு நாளில் வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் போதும், கடமை பிறந்துவிடுகிறது. 2025க்கான அறிக்கையின் கெடு 2026 ஏப்ரல் 15. தவறினால் விண்ணப்பம் எதுவும் இல்லாமலே அக்டோபர் 15 வரை நீட்டிப்பு உண்டு. மனைவியோடு கூட்டாக ஏதேனும் கணக்கு இருந்தால் அதன் முழுத் தொகையையும் உங்கள் அறிக்கையில் காட்ட வேண்டும். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று நம்பி விட்டுவிடாதீர்கள். அந்த வட்டி அமெரிக்காவில் வரிக்குரியது, 1040 படிவத்தோடு வரும் பி அட்டவணையில் வெளிநாட்டுக் கணக்கு இருக்கிறதா என்ற கேள்விக்கும் "ஆம்" என்று பதில் தர வேண்டும். கூட்டா தனியா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் வேளையில், உண்மையில் உங்களை முதலில் தொடும் கடமை இதுதான்.

வெளிநாட்டு நிதிச் சொத்துகளைத் தெரிவிக்கும் 8938 படிவம் வேறு. அது வருமான வரிச் சட்டத்தைச் சேர்ந்தது என்பதால் அங்கே தேர்வு செல்லுபடியாகும். மனைவியின் நிதிச் சொத்துகளையும் உங்களுடையவற்றோடு கூட்ட வேண்டும். அமெரிக்காவில் வாழ்ந்து கூட்டாகத் தாக்கல் செய்வோருக்கு ஆண்டின் கடைசி நாளில் 1,00,000 டாலர், அல்லது இடையில் எந்த நாளிலும் 1,50,000 டாலர் என்ற வரம்பைத் தாண்டினால்தான் அது தேவைப்படும். நீங்கள் சொன்ன தொகைகளை வைத்துப் பார்த்தால் அந்த வரம்பு உங்களுக்குத் தொலைவில் இருக்கிறது.

மியூச்சுவல் ஃபண்டு பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டு மியூச்சுவல் ஃபண்டுகளைச் செயலற்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் என்று வகைப்படுத்துகிறது. வேறு எந்தத் தேர்வும் செய்யாமல் அவற்றை விற்றால், ஈட்டிய லாபத்தை வைத்திருந்த காலம் முழுவதற்கும் பகிர்ந்து, கடந்த ஆண்டுகளுக்குரிய பங்குக்கு உச்ச விகிதத்தில் வரியும் அதன்மேல் வட்டியும் விதிக்கப்படும். ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனியாக 8621 படிவம். 6013(ஜி) தேர்வு தொடங்கும் ஆண்டின் முதல் நாளிலிருந்து இந்த விதிகள் உங்கள் மனைவியின் ஃபண்டுகளுக்கும் பொருந்தும். உங்களுக்குச் சாதகமான ஒன்று உண்டு: கூட்டுத் தாக்கலில் இத்தகைய முதலீடுகளின் மொத்த மதிப்பு ஆண்டின் கடைசி நாளில் 50,000 டாலரைத் தாண்டாமல், அந்த ஆண்டில் விற்பனையோ மிகை வழங்கலோ (ஃபண்டு வழக்கத்தைவிட மிகுதியாகப் பணம் வழங்குவது) இல்லாமல் இருந்தால் 8621 தாக்கல் செய்ய வேண்டியதில்லை. 2025இல் எந்த ஃபண்டையும் விற்கவில்லை என்றால் இந்த ஆண்டு நீங்கள் அமைதியாகக் கடந்துவிடலாம். விற்கும் ஆண்டில் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இதனால்தான், துணைவரிடம் பெரிய தொகை மியூச்சுவல் ஃபண்டில் இருக்கும்போது, அவசரப்பட்டுத் தேர்வைச் செய்யாமல் முதல் ஆண்டு தனியாகத் தாக்கல் செய்துவிட்டு, தேர்வு தொடங்கும் ஆண்டுக்கு முந்தைய டிசம்பருக்குள் ஃபண்டுகளை விற்று முடிக்கச் சொல்வது என் வழக்கம். அப்போது அந்த லாபம் அமெரிக்காவின் பார்வைக்கே வராது. தனித்தாக்கலிலிருந்து கூட்டுத் தாக்கலுக்கு மூன்று ஆண்டுக்குள் திருத்திக்கொள்ளலாம். கூட்டாகத் தாக்கல் செய்ததைக் கெடு தேதிக்குப் பிறகு தனியாக மாற்ற முடியாது. ஐயம் இருக்கும் இடத்தில் தனியாகத் தொடங்குவது இழப்பில்லை. உங்கள் மனைவியின் 6,000 டாலருக்காக, ஆண்டுக்கு ஐந்தாறு ஆயிரம் டாலர் சேமிப்பை ஒத்திப்போடச் சொல்லமாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். ராத் ஐ.ஆர்.ஏ. எனும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் பணம் போட்டிருக்கிறீர்களா? தனித்தாக்கல் செய்பவர் ஆண்டில் ஒரு சில நாட்களேனும் துணைவருடன் சேர்ந்து வாழ்ந்திருந்தால், வருமானம் 10,000 டாலரைத் தாண்டியதுமே அந்த உரிமை போய்விடுகிறது. 2024இல் மூன்று வாரம், 2025இல் ஒரு மாதம் நீங்கள் உடன் இருந்திருக்கிறீர்கள். கூட்டுத் தாக்கலில் 2025க்கான வரம்பு 2,36,000 டாலரில்தான் குறையத் தொடங்குகிறது.


நெடுவழி எழுதியது:

ராத் கணக்கில் இரண்டு ஆண்டும் பணம் போட்டிருக்கிறேன். இதை எவரும் எனக்குச் சொன்னதில்லை. நேற்று இரவு மனைவியோடு இரண்டு மணி நேரம் பேசினேன். தாக்கல் முறையின் பொறுப்புகளை எல்லாம் அவரிடம் விளக்கினேன்; தன் பி.பி.எஃப். கணக்குப் புத்தகத்தையும் பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளையும் அவரே ஒளிப்படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஃபண்டு எதையும் 2025இல் விற்கவில்லை என்பதையும் உறுதி செய்துகொண்டோம். கூட்டாகத் தாக்கல் செய்வதென்று முடிவெடுத்துவிட்டோம். அடுத்த வாரம் அவர் இருக்கும் மாநிலத்திலேயே உள்ள முகவர் ஒருவரைச் சந்திக்க நேரம் வாங்கியாயிற்று. 2024க்கான திருத்தத்தை இப்போதே தனித்தாக்கலாக அனுப்புவதா, எண் வந்தபின் நேராகக் கூட்டுத் தாக்கலாகவே அனுப்புவதா என்பது மட்டும் முடிவாகவில்லை.


கணக்கேடு எழுதியது:

எண் வரட்டும். 2024 படிவத்தை உரிய காலத்தில் தாக்கல் செய்திருந்தால் திருத்தத்துக்கு 2028 ஏப்ரல் வரை அவகாசம் இருக்கிறது. இருமுறை திருத்துவதைவிட, 2024க்கான உறுதிமொழியையும் இணைத்து ஒரே 1040-எக்ஸ் அனுப்புவது தெளிவாக இருக்கும். கூட்டுத் தாக்கலாக மாறும்போது அந்த ஆண்டு ராத் சிக்கலும் தீர்ந்துவிடும். 2024இல் அவர் ஈட்டிய முழு ஆண்டு வருமானத்துக்கும் இதேபோல ஆவணங்களைத் திரட்டி வையுங்கள்.

2025 படிவத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 2024ஆம் ஆண்டிலிருந்து 1040இன் முதல் பக்கத்திலேயே, குடியிருப்பாளர் அல்லாத துணைவரை ஆண்டு முழுவதும் குடியிருப்பாளராகக் கருதுவதைக் குறிக்கும் கட்டம் ஒன்று வந்திருக்கிறது. அதில் குறியிட்டு அவர் பெயரை எழுதுங்கள். உறுதிமொழித் தாளை அது விலக்கிவிடுவதில்லை. முகவர் வேலை ஏப்ரல் 15க்குள் முடியாது என்று தோன்றினால் 4868 படிவத்தில் அக்டோபர் 15 வரை நீட்டிப்பு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மனைவியின் எண் கேட்கும் இடத்தில், எண்ணுக்கு விண்ணப்பிக்கப்பட இருக்கிறது என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தின் குறிப்பே இடம் தருகிறது. நீட்டிப்பு தாக்கல் செய்வதற்கு மட்டுமே, வரி கட்டுவதற்கு அல்ல. உங்கள் சம்பளத்தில் பிடித்தம் போதுமானதாக இருக்கிறதா என்று வேலை தருபவர் கொடுக்கும் டபிள்யூ-2 தாளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.


தாழம்பூ எழுதியது:

முகவரிடம் போகும்போது டபிள்யூ-7இல் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ள அதே எழுத்துகளில், அதே வரிசையில் எழுதச் சொல்லுங்கள். நம் ஊர்க் கடவுச்சீட்டுகளில் பலருக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும், அல்லது தந்தை பெயர் அங்கே ஏறியிருக்கும். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்து எழுதும் பழக்கமும் சிலருக்கு உண்டு. வரிப்படிவம், டபிள்யூ-7, உறுதிமொழி மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று உறையை ஒட்டும் முன் உங்கள் மனைவியையும் காணொலியில் வைத்துக்கொண்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.